வாச்சாத்தி வழக்கும் அரசின் முன் அனுமதியும்

அரூரிலிருந்து ஒரு கேள்வி: 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி தருமபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்திக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர், ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்ததோடு, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமையும் செய்தனர். அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்னும் விதி இத்தகையோரையும் காக்குமா?

பதில் 1: காக்காது. பணிக்கடமையோடு நியாயமான தொடர்புள்ள செயலுக்கே அந்தப் பாதுகாப்பு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 218 ஆகியிருக்கிறது. அரசு 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். பாலியல் வன்கொடுமைக்கோ அனுமதியே தேவையில்லை.

பதில் 2: சட்டம் சரி ஐயா, காலம்? தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவே 2011 ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட, மிஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர்.

பதில் 3: 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ததோடு, அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஊருக்குள் புகுந்தவர்களோடு நில்லாமல் மேலே இருந்தவர்களையும் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.