டாஷ்போர்ட் தோல் சுருங்குது: கிரீம் பூசுறதா, நிழல் தேடுறதா?

உள்துறைமுக_வீதி:
அண்ணைமார், உதவி வேணும். என்னட்ட இருக்கிறது கூரை திறக்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 2009 மொடல், டாஷ்போர்ட் முழுக்க அசல் தோல். முன்கண்ணாடி ஓரத்தில, காற்று வாற வாய்க்குப் பக்கத்தில தோல் சுருங்கி மேல எழும்பி நிக்குது. விரல் நுனி உள்ள போகுது, அடியில இருக்கிற மஞ்சள் ஸ்பொன்ஞ் பொடிப்பொடியாக் கொட்டுது. பகல் முழுக்க வேலைத்தலத்து வெட்டவெளியிலதான் கார் நிக்கும். ஒரு கடையில "கழட்டிட்டு ரெக்சின் போடுவம்" எண்டு சொல்றாங்க. பெரியப்பா தேங்காயெண்ணெய் பூசச் சொல்றார். ஆரைக் கேட்கிறது?

நிலாவெளி_மூத்தவர்:
தம்பி, தேங்காயெண்ணெய் வேணாம். ஆனா பெரியப்பா நினைக்கிறது சரி. தோலுக்கு எண்ணெய்ப்பசை வேணும். அது இல்லாட்டிக் காயும், காய்ஞ்சாச் சுருங்கும். நான் பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் ஒண்டு வைச்சிருக்கிறன். சீட்டுக்கு மாதம் தவறாம கண்டிஷனர் கிரீம் போடுவன். இண்டைக்கும் தொட்டா மெத்தெண்டு இருக்கு. பராமரிக்காம விட்டுட்டு வெயிலில பழியைப் போடக்கூடாது.

குஷன்வேலை:
மூத்தவர், உங்கட சீட்டும் தம்பிட டாஷ்போர்ட்டும் ஒண்டில்ல. இப்பத்தைய கார்த் தோலில பெரும்பாலும் மேல நிறப்பூச்சு, அதுக்கும் மேல பொலியூரிதேன் எண்ட பிளாஸ்டிக் படை. தம்பி, ஒரு மூலையில ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கோ. உருண்டு நிண்டா பூச்சு இருக்கு, எந்தக் கிரீமும் பெரிசா உள்ள போகாது. ஊறிக் கருத்தா அது பூச்சில்லாத தோல், அதுக்கு மூத்தவர்ட வைத்தியம் சரி.

சுருக்கத்துக்குக் காரணம் சூடு. தோலுக்குள்ள எப்பவும் கொஞ்சம் ஈரம் இருக்கும். சூடு ஏற ஈரம் வெளியேறும், நார்கள் நெருங்கும். இரவில ஈரம் கொஞ்சம் திரும்பினாலும் தோல் பழைய நீளத்துக்கு முழுசா வராது. வருசக்கணக்கா இதே கதை. அடியில பசையும் சூட்டில இளகும். இழுவையைத் தாங்க மாட்டாம ஓரம்தான் முதல்ல விடும். ஃபெராரி 360, எஃப்430 ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிறவங்களும் இதே முறைப்பாடுதான் சொல்றாங்க. அரிசோனாவில செய்து 2018இல வெளியிட்ட ஆய்வு ஒண்டில, ஒரு மணித்தியாலம் வெயிலில நிண்ட கார்களிட டாஷ்போர்ட் சராசரியா 69 பாகை செல்சியஸ், நிழலில நிண்டதில 48. 21 பாகை வித்தியாசத்தை எந்தக் கிரீம் தரும்?

தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில உறையும். ஏசி வாய்களைச் சுத்தி வெள்ளையாப் படியும், தூசியைப் பிடிக்கும், மினுக்கம் முன்கண்ணாடியில தெரியும். பிறகு ஒட்ட வந்தா பசையும் பிடிக்காது. சிலிக்கன் பொலிஷும் அப்பிடித்தான்.

நிலாவெளி_மூத்தவர்:
சூடு மட்டுமா? புற ஊதாக் கதிரை விட்டுட்டீங்களே. வைகாசியில இருந்து கச்சான் எண்ட வறண்ட காற்று அடிக்கிற காலம் திருகோணமலை வெயில் எப்பிடி எண்டு தெரியும்தானே. நிறம் மங்கிறது அதாலதான். அதைத் தடுக்கிற கிரீம் இருக்கு.

குஷன்வேலை:
முன்கண்ணாடி எண்டது இரண்டு கண்ணாடிக்கு நடுவில பிளாஸ்டிக் படலம் வைச்சது. புற ஊதாவில பெரும்பகுதியை அதுவே மறிச்சிடும். வெப்பத்தை அந்தளவுக்கு மறிக்காது. பக்கக் கண்ணாடிகள் பொதுவா அப்பிடி இல்ல, அதாலயும் புற ஊதா கொஞ்சம் வரும். கூரையைத் திறந்து உப்புவெளிக் கடற்கரையில விட்டுட்டுக் குளிக்கப் போறவங்களுக்கு நீங்க சொல்றது பொருந்தும். தம்பிக்கு எழும்பி நிக்கிற தோலைக் கிரீம் கீழ இறக்காது.

சல்லி_ரோட்:
ஏன் இவ்வளவு பாடு? மாட்டுத் தோலை முன்கண்ணாடிக்குக் கீழ விரிக்கிறதே தவறு. இப்ப எத்தனையோ ஸ்போர்ட்ஸ் கார்களில அல்கந்தாரா எண்ட மென்தோல் மாதிரித் துணி போடுறாங்க, அது செயற்கைதானே. கண்ணாடியில பிரதிபலிப்பும் குறைவு. கடைக்காரன் சொல்றதைச் செய்யுங்கோ.

குஷன்வேலை:
அல்கந்தாரா வேற, சந்தையில வாற மலிவு ரெக்சின் வேற. மலிவு ரெக்சின் பிவிசி. அதை இளக வைக்கிற பொருள் சூட்டில ஆவியாகி முன்கண்ணாடிக்கு உள்பக்கம் பிசுபிசுப்பாப் படியும், பிறகு ரெக்சின் விறைச்சு வெடிக்கும்.

இன்னொண்டு, இதை எல்லாரும் தயவுசெய்து வாசியுங்கோ. பயணி பக்கத்து எயார்பேக் அந்தத் தோலுக்குக் கீழதான் இருக்கு. அந்த இடத்தில தோலைப் பின்பக்கம் மெலிசாக்கியோ, தையலைப் பலவீனமாப் போட்டோ இருப்பாங்க, பை வெடிச்சு வெளியில வர வேணும் எண்டதுக்காக. அதை அறியாம தடிச்ச நூலால தைச்சு, கெட்டிப் பசையால ஒட்டினா பை நேரத்துக்கு வராது, இல்லாட்டிக் கோணலா வரும். கடையில முதல்ல கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில் சொல்லத் தடுமாறினா காரைத் திருப்பிக்கொண்டு வாங்கோ.

நிலாவெளி_மூத்தவர்:
எயார்பேக் விசயத்தில மறுபேச்சில்ல. ஆனா நிழல், நிழல் எண்டா எங்க போறது? வேப்பமரத்தடியில விட்டா காக்கா எச்சம் துணிக் கூரையைத் திண்டிடும். கவர் போட்டா கடற்கரை மணல் அடியில போய்ப் பெயின்ரைக் கீறும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினா மூடி வைச்ச காருக்குள்ள பூஞ்சணம். உப்புக் காற்றில படியிற உப்பும் ஈரத்தை இழுக்கும். துடைக்கவே வேணாம் எண்டு தம்பி நினைச்சிடப்போறான். தோலைக் கையால தொட்டுப் பழகிறவனுக்குத்தான் மாற்றம் முதல்ல தெரியும். கிரீம் போடுறதால எனக்குக் கிடைச்சது அதுவும்தான்.

குஷன்வேலை:
துடைக்கிறதில முழுச் சம்மதம். நல்லாப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணி, தேவையெண்டா தோலுக்கான மென்மையான கிளீனர், பிறகு காய்ஞ்ச துணி. பாத்திரம் கழுவுற சோப்பு வேணாம். மரம் இல்லாட்டி, முன்கண்ணாடியை ஓரம் விடாம மூடுற வெள்ளி நிற மறைப்பு போடுங்கோ. மினுங்கிற பக்கம் வெளியில.

உள்துறைமுக_வீதி:
தண்ணிச் சொட்டு உருண்டு நிக்குது. அப்ப பூச்சு இருக்கு. மறைப்பு வாங்கிறன். எழும்பின தோலை நானே இழுத்து ஒட்டலாமா?

குஷன்வேலை:
வேணாம். காய்ஞ்ச தோலை இழுத்தா ஓரம் கிழியும். வேலை தெரிஞ்சவர் பின்பக்கத்தை மெல்ல ஈரமாக்கி, இளஞ்சூட்டில கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, சூடு தாங்கிற பசையால ஒட்டுவார். நீளம் காணாட்டி ஓரத்தில துண்டு வைச்சுத் தைக்க வேணும். அதுவரைக்கும் விரலை உள்ள விட்டுப் பார்க்காதேங்கோ, ஸ்பொன்ஞ் இன்னும் கொட்டும்.

நிலாவெளி_மூத்தவர்:
கதவுப் பக்கத் தோலுக்காவது கிரீம் போடு தம்பி. பக்கக் கண்ணாடியால வெயில் வருது எண்டு அவரே சொல்லிட்டார்.