ஒரே ஒரு பேப்பர் பாக்கி, பி.ஏ. பட்டம் நிற்கிறது

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். தம்பி மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் (தேர்வை அவர்களே நடத்துவார்கள்) பி.ஏ. பொருளியல் படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. பட்டம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

நேற்று ராத்திரி மஞ்சப்பையிலிருந்து ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் எடுத்துப் பாயில் பரப்பிப் பார்த்தோம். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், சரி. மூன்றாம் பகுதியில் நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், பொது நிதி எல்லாம் பாஸ். மூன்று தடவை அவனைப் படுத்திய புள்ளியியலும் போன வருஷம் ஒழிந்தது (திட்ட விலக்கம் என்றாலே காய்ச்சல் வந்துவிடும் அவனுக்கு). கடைசியில் பார்த்தால், நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி எதிரே ஆப்சென்ட்! அன்றைக்கு மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறான். "அதெல்லாம் மெயின் பேப்பர் இல்லக்கா" என்கிறான் இப்போதும். மெயினோ இல்லையோ, 140 கிரெடிட்டும் சேர்ந்தால்தானே பட்டம்?

டி.என்.பி.எஸ்.சி. அரசு வேலைத் தேர்வில் குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், எழுதிவிட்டான். குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும்.

இப்படி அரியர் எழுதியவர்கள் சொல்லுங்கள்: பாடத்திட்டம் மாறிவிட்டதாம், பழையதிலேயே எழுத விடுவார்களா? அப்போது வாங்கிய இன்டர்னல் மார்க் செல்லுமா? பாஸ் ஆனபின் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச்) சான்றிதழைக் கல்லூரியில் கேட்பதா, காமராசர் பல்கலைக்கழகத்துக்கே பல்கலை நகர் வரை போக வேண்டுமா? தேர்வுக்கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.