குதிரை வைத்திருப்பவர்களின் முதல் டிராக்டர்: வாங்கப் போன இடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

கொறங்காட்டான்:

தாராபுரம் பக்கம் நாலரை ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள், கொழுக்கட்டைப்புல். மூன்று குதிரைகள். அதில் இரண்டு அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்தவை. உழவு வேலை அறவே கிடையாது. குதிரைச் சாணமான லத்தியை அள்ளிப் போக, சித்திரையில் தண்ணீர் டேங்கர் இழுக்க, குதிரைகள் வாய் வைக்காமல் விட்ட புல்லை மட்டமாக வெட்டிவிட, இவ்வளவுக்குத்தான் டிராக்டர். இதைச் சொன்னால் எந்தப் புரோக்கருக்கும் புரிவதில்லை. "உழவில்லாம டிராக்டர் எதுக்குங்க, சவாரி போகவா?" என்றே ஒருவர் கேட்டார்.

காங்கயம் தாண்டி ஒரு பழைய 35 குதிரைத்திறன் வண்டி இருக்கிறதென்று போனோம். துணைக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். புரோக்கர் பெயின்டைக் காட்டுகிறார், டயரைக் காட்டுகிறார். பெரியவர் ஒன்றையும் பார்க்கவில்லை. பின்னால் மாட்டியிருந்த ரோட்டவேட்டரை, அதுதான் மண்ணைக் கிளறும் கருவியை, முழு உயரத்துக்குத் தூக்கச் சொன்னார். இன்ஜினை அணைக்கச் சொன்னார். பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பித்தார். எல்லோரும் சும்மா நிற்கிறோம். சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போடுகிறார், ரோட்டவேட்டர் பாதி இறங்கிவிட்டது. மென்று முடிப்பதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. புரோக்கர் அப்போதும் அசரவில்லை: "ரன்னிங்ல நல்லா நிக்குமுங்க."

தூக்கியதைத் தாங்கி நிற்காத லிஃப்ட். வண்டி வேண்டாமென்று திரும்பிவிட்டோம். ஆனால் அந்த இன்ஜின் சத்தம் அவ்வளவு சுத்தம். அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

ஆழியார்க்காரன்:

அதற்காகவா ஒரு நல்ல 35-ஐ விட்டுவிட்டு வந்தீர்கள்? லிஃப்ட் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே எண்ணெய் கசியாமல் காக்கும் ஓ-ரிங், சீல் தேய்ந்திருக்கும். ஹைட்ராலிக் தெரிந்த மெக்கானிக் கழற்றி மாற்றிவிடுவார். இன்ஜின் வேலை வந்தால்தான் செலவு கையைக் கடிக்கும். பெரியவர் பார்த்த சோதனை சரிதான். அதை விலை குறைக்கப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அவ்வளவே. இன்னொன்று, 2025 செப்டம்பரில் புது டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும். அந்தக் கணக்கைப் புரோக்கர் தானாக வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

என் கதை சின்னது. மாமா வைத்திருந்த பழைய வண்டி அப்படியே எனக்கு வந்தது, தேர்வு செய்யும் வேலையே இல்லை. ஆனால் நீங்கள் லத்தி என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டீர்களே, அதைச் சொல்லியாக வேண்டும். 400 கிலோ குதிரை ஒன்று சிறுநீரும் சேர்த்து நாளுக்கு 20 கிலோ போல வெளியேற்றும். மூன்று குதிரைக்கு வருஷத்தில் 20 டன்னைத் தாண்டும். கீழே விரிக்கும் வைக்கோல் தனி. டிராக்டர் கையில் இருக்கிறதே என்று அன்றன்றைக்கு அள்ளி மேய்ச்சல் நிலத்திலேயே இறைத்துவிடாதீர்கள். லத்தியில் இருக்கும் புழு முட்டை பொரித்துப் புல்லில் ஏறும், அதே குதிரை அதையே மேயும். குவித்துப் போட்டு, ஈரம் காட்டி, அவ்வப்போது புரட்டிவிட்டால் குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் முட்டையும் களை விதையும் சாகும். புரட்டும்போது வெளியில் கிடந்தது உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். காட்டில் கிடக்கும் லத்தியை முள் சங்கிலி போட்டு இழுத்து உடைப்பதாக இருந்தால் அக்னி நட்சத்திர வெயிலில் செய்யுங்கள், காய்ந்து சாகும். ஐப்பசி ஈரத்தில் இழுத்தால் புழுவை நீங்களே நாலரை ஏக்கருக்கும் விதைத்தது போல ஆகிவிடும். எப்போது இழுத்தாலும் அந்தத் துண்டில் சில வாரம் குதிரையை விடாதீர்கள். குவியல் கிணற்றுக்கு மேட்டில் இருக்கக் கூடாது. ஈ வேறு வரும், லாயத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஆக உங்களுக்கு வேண்டியது டிப்பர் இழுக்கும் வண்டி. மினி டிராக்டரை நினைத்தே பார்க்காதீர்கள்.

தளி மலையோரம்:

ஆழியார் அண்ணா, மினியை ஏன் நினைக்கக் கூடாது? நான் 24 குதிரைத்திறனில் நான்கு சக்கர இழுவை உள்ளதைத்தான் வைத்திருக்கிறேன். லாயத்து நடைபாதைக்குள்ளேயே போய்த் திரும்புகிறது. உங்கள் 35 வாசலோடு நின்றுவிடும்.

எனக்கு உறுத்துவது வண்டியே இல்லை, ஒரு பெட்டைக் குதிரை. டிராக்டர் இறங்கிய அன்று முன்னால் நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் ஒரு தடவை வெடித்தது. பெட்டை கம்பி வேலியோடு வேலியாக ஓடி மார்பில் கிழித்துக்கொண்டது. டெட்டனஸ் ஊசி, தையல், எல்லாம் ஆயிற்று. அப்புறம் எல்லோரும் சொன்னபடி பழக்கினேன். வண்டியைத் தூரத்தில் ஓடவிட்டு இங்கே கொள்ளு வைப்பது, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவது. கடைசியில் புல்லையும் டிராக்டரிலேயே கொண்டுபோக ஆரம்பித்தேன். பயம் போயே போய்விட்டது. அங்கேதான் வினை.

ஒரு சாயங்காலம் கோ-5 தீவனப்புல் ஏற்றிக்கொண்டு மேய்ச்சலுக்குள் போகிறேன். ஸ்டார்ட் சத்தம் கேட்டதுமே எல்லாம் ஓடி வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டன. மட்டக்குதிரையைக் காணோம். திரும்பிப் பார்த்தால் பின்சக்கரத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் தலையை நுழைத்து, உதிர்ந்த புல்லைத் தின்கிறது. என் கால் கிளட்சில். எடுத்திருந்தால் அவ்வளவுதான். கால் மரத்துப் போகும்வரை அப்படியே மிதித்திருந்தேன், வேலைக்கார அண்ணன் வந்து இழுத்த பிறகுதான் மூச்சே வந்தது. பயப்படும் குதிரை விலகிப் போய்விடும். பயப்படாத குதிரையைத்தான் தேடிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. இப்போது புல்லை வேலிக்கு வெளியிலிருந்தே உள்ளே போடுகிறோம்.

ஆழியார்க்காரன்:

தம்பி, குதிரை விஷயம் சரி. மலையோரம் என்கிறீர்கள், அந்த மினியில் தண்ணீர் டேங்கர் மாட்டி இறக்கத்தில் வந்திருக்கிறீர்களா? 3000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 3 டன். வண்டி முக்கால் டன்னோ என்னவோ. இறக்கத்தில் டேங்கர்தான் வண்டியை ஓட்டும். இழுக்கிற திறனை எல்லோரும் கேட்கிறார்கள், நிறுத்துகிற எடையை ஒருத்தரும் கேட்பதில்லை.

தளி மலையோரம்:

1000 லிட்டர் டேங்க் போதும் அண்ணா, இரண்டு நடை போகிறேன். குதிரை ஒன்று வெயில் காலத்தில் 40 லிட்டர் குடித்தாலும் எனக்கு அதற்கு மேல் எதற்கு?

பனிக்காட்டான் (ஒன்டாரியோ):

இங்கே கதையே வேறு. குதிரை வைத்திருந்தால் முன்னால் சுமை தூக்கும் லோடர் இல்லாத டிராக்டரை யாரும் வாங்குவதில்லை. புல் உருளைக் கட்டுகளாக வரும், ஒன்று 350, 400 கிலோ. கையால் அசைக்கவே முடியாது. நாங்கள் முதல் வண்டி பார்த்துக்கொண்டிருந்த சமயம் பக்கத்துப் பண்ணைக்காரர், "வாங்கும் முன் என்னுடையதைப் பார்த்துப் போங்கள்" என்று கூப்பிட்டார். 25 குதிரைத்திறன், அழகாக இருந்தது. உருளையைக் குத்தி உயரத் தூக்கியபடி சரிவில் இறங்கினார். பின்சக்கரம் இரண்டும் மெல்ல நிலத்தை விட்டு எழுந்தன. பிரேக்கை மிதிக்கிறார், வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. பிரேக் இருப்பது பின்சக்கரத்தில், அந்தச் சக்கரமோ காற்றில்! அவர் சட்டென்று லோடரை இறக்கி உருளையைத் தரையில் ஊன்றியதால் நின்றது. இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே, "இதற்குத்தான் பின்னால் எடை மாட்டச் சொல்கிறார்கள்" என்றார். மாட்டியிருக்கவில்லை!

அவர் சிரித்த சிரிப்புதான் மனதைவிட்டுப் போகவில்லை. நாங்கள் அடுத்த அளவு வண்டி எடுத்தோம். பின்னால் கான்கிரீட் நிரப்பிய பீப்பாய் எப்போதும் தொங்கும். சரிவில் சுமையோடு போகும்போது நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு, சுமையை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் போவது வழக்கம். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் கவிழ்வுக் காப்பு இரும்புச் சட்டம் பற்றி இங்கே யாரும் பேசவே இல்லையே? ஊரில் இன்னும் அது இல்லாமல்தான் ஓட்டுகிறீர்களா? ஸ்வீடனில் 1959-லேயே புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இரும்புச் சட்டம் இருந்தால் இடுப்பு பெல்ட்டும் போட வேண்டும், பெல்ட் இல்லாமல் கவிழ்ந்தால் அந்தச் சட்டமே ஆளை நசுக்கும்.

கொறங்காட்டான்:

இங்கே சின்ன வண்டிகள் பெரும்பாலும் அந்த இரும்புச் சட்டம் இல்லாமல்தான் ஓடுகின்றன அண்ணா. உங்கள் 400 கிலோ உருளை எங்களுக்கு இல்லை. நெல் அறுத்த பிறகு கட்டித் தரும் வைக்கோல் உருளை ஒரு ஆள் தோளில் தூக்கிவிடலாம்.

லாயத்தம்மா:

என்னை உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குதிரை, ஒரு கன்று. வண்டியை ஓட்டப்போவது நான். என் கணவருக்குக் கார் ஓட்டவே பிடிக்காது. ஷோரூமில் அந்தப் பையன் அரை மணி நேரம் அவரிடமே பேசினான். பணம் யார் கட்டுவது என்ற பேச்சு வந்தபோது மட்டும் என் பக்கம் திரும்பினான். ஏறிப் பார்க்கிறேன் என்றேன். "அண்ணன் ஏறட்டுங்க்கா, கிளட்ச் டைட்டா இருக்கும்" என்றான்.

ஏறினேன். முதுகை இருக்கையில் சாய்த்தால் கிளட்ச் அடிவரை போகவில்லை, நுனிக்காலில்தான் எட்டியது. கிளட்சை முழுக்க மிதிக்க முடியாத வண்டியைக் குதிரைகளுக்கு நடுவில் எப்படி நிறுத்துவது? இருக்கையை முன்னால் நகர்த்தச் சொன்னேன். அந்த வண்டியில் நகராதாம். "எல்லாரும் இப்படித்தாங்க்கா ஓட்றாங்க." இறங்கி வந்துவிட்டேன். வேறு ஊரில், வேறு வண்டி. அங்கே ஒரு வயதான மெக்கானிக் யாரும் கேட்காமலேயே இருக்கையின் போல்ட்டைக் கழற்றி இரண்டு துளை முன்னால் மாட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான் வேலை.

மானியம் கேட்பவர்களுக்கு: வேளாண்மைப் பொறியியல் துறையில் பெண்களுக்கும் சிறு குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு. உழவன் செயலியில் பதியலாம். நிலம், சிட்டா எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

ஆழியார்க்காரன்:

அம்மா, கிளட்ச் எட்டவில்லை என்றால் பெடலில் ஒரு கட்டை வெல்டிங் வைத்தால் போதுமே. அப்புறம் டிராக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கும், ரோட்டில் போகும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும், பெண்கள் பலருக்கு...

லாயத்தம்மா:

தெரியும் தம்பி. பூட்டித்தான் ஓட்டுகிறேன். மாமா வண்டியில் அந்தப் பூட்டு இன்னும் இருக்கிறதா?

டீசல்புகை:

ஹாஹா. இருந்திருக்காது.

நான் மற்றவர்களுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் ஆள், என்னிடம் குதிரை இல்லை. ஆனால் ஒரு குதிரைக்காரர் வீட்டில் பார்த்தது. டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தை மாட்டி ஓடவிட்டிருந்தார்கள். ஷாஃப்ட்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை எப்போதோ உடைந்து போயிருக்கிறது. ஒரு பையன் குதிரையைக் கயிற்றில் பிடித்தபடி அந்தப் பக்கமாக வருகிறான். கயிற்றின் மிச்ச நீளத்தைக் கையில் சுற்றியிருக்கிறான், நுனி தரையில் இழுபடுகிறது. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. நுனி மாட்டினால் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் கயிறு முழுக்கச் சுருண்டுவிடும். ஒரு முனையில் பையனின் கை, மறுமுனையில் குதிரையின் கழுத்து. நான் கத்தியது இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஸ்டாப் கம்பியை இழுத்தேன். அந்தப் பையன் என்னை முறைத்துவிட்டுப் போனான், ஏன் நிறுத்தினேன் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

கொறங்காட்டான், எந்த வண்டியை எடுத்தாலும் உறை இருக்கிறதா பாருங்கள். டயருக்குள் பஞ்சர் தடுக்கும் திரவம் ஊற்றிவிடுங்கள், வெள்வேல் முள் முன் டயரைத்தான் முதலில் தேடும். ரோட்டவேட்டரைச் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார்கள், கொழுக்கட்டைப்புல் வேரோடு போய்விடும், வாங்காதீர்கள்.

கொறங்காட்டான்:

ரோட்டவேட்டர் வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். காங்கயத்துப் புரோக்கருக்கு நேற்று போன் போட்டேன். அந்த 35 இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, 40 ஆயிரம் குறைக்கிறாராம். என் வேலி கேட் ஏழடி. ஆழியார் அண்ணா, உங்கள் மாமா வண்டியின் பின்சக்கரத்தை வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து சொல்ல முடியுமா?

ஆழியார்க்காரன்:

நாளை காலையில் அளந்து போடுகிறேன். டிப்பரின் அகலமும் சேர்த்துச் சொல்கிறேன், அதுதான் கேட்டில் முதலில் இடிக்கும்.