பின்கட்டுச் செங்கல்

குழு: சூளை வீட்டுச் சொந்தங்கள்

முரளி சித்தப்பா: மேஸ்திரி பின்கட்டை இடித்து முடித்துவிட்டார். செங்கல்லையும் இடிபாடுகளோடு லாரியில் ஏற்றிவிடவா என்று கேட்கிறார். கவிதா, நீ ஆய்வகத்துக்கு எடுத்துப்போன துண்டுகள் என்ன ஆயின?

கவிதா: ஏற்ற வேண்டாம் சித்தப்பா! இன்றுதான் எக்ஸ்ஆர்டி முடிவு வந்தது. எக்ஸ்-கதிர் பாய்ச்சி, கல்லில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் சோதனை அது. கூடத்துச் சுவர்த் துண்டில் முல்லைட் இருக்கிறது. களிமண்ணில் அந்தக் கனிமம் உருவாக ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அருமையாக வெந்த கல். சமையலறைச் சுவர்த் துண்டில் இல்லைட் என்ற களிமண் கனிமம் இன்னும் தெளிவாக நிற்கிறது. 900-ஐத் தாண்டினால் அது கலைந்துவிடும்.

சாரதா அத்தை: இரண்டும் ஒரே சமயத்தில் கட்டிய சுவர்கள்தானே, கண்ணு? அப்பா ஒரே சூளையில்தான் கல் வாங்கினார்.

கவிதா: ஒரே சூளையாகவே இருக்கலாம் அத்தை. தீ வாய்க்கு அருகில் அடுக்கிய கல்லும் ஓரத்தில் கிடந்த கல்லும் ஒன்றுபோல வேகாது. சமையலறைச் சுவர்க் கல்லை உடைத்தபோது வெளியே சிவப்பு, நடுவே விரல் அகலத்துக்குக் கருப்புப் பட்டை. மண்ணிலிருந்த கரி முழுதாக எரியவில்லை.

அருண்: அக்கா, நீங்கள் அனுப்பிய கனிமப் பட்டியலில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமும் இருக்கிறதே? அது 800 வாக்கில் சிதைந்துவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கூடத்துக் கல் எப்படி 1000 டிகிரியைத் தொட்டிருக்கும்?

கவிதா: நல்ல கேள்வி அருண். அந்தக் கால்சைட் சூளையைப் பார்த்ததே இல்லை. நம் வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு கல்லின் துளைகளுக்குள் இறங்கிப் படிந்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தேன், துளைகளின் உட்சுவரில்தான் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பழைய சுவர்களில் கால்சைட்டை மட்டும் நம்பிச் சூட்டைக் கணிப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முரளி சித்தப்பா: சரி, சமையலறைக் கல் எத்தனை டிகிரி? ஒரே எண்ணாகச் சொல்.

கவிதா: ஒரே எண் வராது சித்தப்பா. மேல் வரம்பு சொல்லலாம். சில்லுகளை மின் உலையில் 50 டிகிரி படிகளாக மறுபடியும் சுட்டுப் பார்த்தேன். 800 வரை எக்ஸ்ஆர்டி வரைபடம் மாறவே இல்லை. 850-இல் அதில் இல்லைட்டைக் காட்டும் முகடு குட்டையாகிவிட்டது. அன்றைக்கே அந்தச் சூட்டில் வெந்திருந்தால் இப்போது மாற மிச்சம் எதுவும் இருக்காது. ஆகவே 850-க்குக் கீழேதான். அதிலும் எவ்வளவு நேரம் சுட்டார்கள் என்பது முக்கியம். நாட்டுச் சூளையில் நாள்கணக்கில் வேகும். சற்றுக் குறைந்த சூடும் அதே வேலையைச் செய்துவிடும்.

முரளி சித்தப்பா: மதில் கட்ட எதை எடுப்பது?

கவிதா: கூடத்துச் சுவர் முழுவதையும் ஒரு துண்டை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டு சுவர்களிலிருந்தும் கலந்து கற்களை எடுத்து, உலர்த்தி, எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தேறியவை மதிலுக்கு. உப்புப் பூத்தவை வேண்டவே வேண்டாம்.

சாரதா அத்தை: பழைய எடைத் தராசு என்னிடம் இருக்கிறது. காலையில் கொடுத்தனுப்புகிறேன்.

முரளி சித்தப்பா: லாரியைத் திருப்பி அனுப்பியாயிற்று. இரண்டு சுவர்க் கற்களையும் தனித்தனியாக அடுக்கச் சொல்லியிருக்கிறேன். அருண், நாளை வந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பு.