கர்ப்பிணிச் செவிலியருக்குத் தடுப்பூசி விலக்கு: கையெழுத்துப் போடலாமா?

கடலூர் செவிலியர்:
அனைவருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் சேர வேண்டும். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) மூன்று தவணை, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) இரண்டு, சின்னம்மை இரண்டு என்று எல்லாவற்றுக்கும் சான்று கேட்கிறார்கள். சான்று இல்லாதவர்கள் ‘எனக்கு விலக்கு வேண்டும், தொற்று ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நர்சிங் கல்லூரியில் கொடுத்த அட்டையில் ஹெபடைடிஸ் பி-க்கு இரண்டு முத்திரைகள் இருக்கின்றன. மூன்றாவது கட்டம் காலி. அந்த மாதம் கல்லூரிக்கு மருந்து வரவில்லை, அப்படியே ஆண்டுகள் ஓடிவிட்டன. மற்ற இரண்டுக்கும் என்னிடம் எந்தத் தாளும் இல்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊசியே வேண்டாம் என்கிறார் மாமியார். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை தீருமா? இல்லை, மூன்று தவணையும் முதலிலிருந்து போட வேண்டுமா?

வில்லியனூர் வாசி:
யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. துணிந்து மறுத்துவிடுங்கள் சகோதரி.

தொற்றுத்தடுப்புச் செவிலியர்:
சிஸ்டர், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தன்மையில் வேறுபட்ட ஊசிகளை ஒரே தாளில் கட்டிவைத்திருக்கிறார்கள், குழப்பம் அங்கேதான்.

எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. கர்ப்பக் காலத்தில் போடக் கூடாது. ‘பிரசவம் வரை ஒத்திவைப்பு’ என்று மகப்பேறு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும். குழந்தை பிறந்த பிறகு, தாய்ப்பால் கொடுக்கும்போதே போட்டுக்கொள்ளலாம்.

ஹெபடைடிஸ் பி ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது; ஈஸ்டில் உருவாக்கி எடுத்த புரதம் மட்டும்தான். கர்ப்பம் அதற்குத் தடையாகாது. முன்பு போட்டபோது கடுமையான ஒவ்வாமை வந்ததா, ஈஸ்ட் ஒவ்வாமை உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எத்தனை ஆண்டு இடைவெளி விழுந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஒரே ஊசி, தோள்பட்டைத் தசையில். இடுப்பில் போட்டால் எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகாமல் போகலாம்.

நீங்கள் போகப்போவதோ டயாலிசிஸ். ரத்தம் எடுக்க நோயாளியின் கையில் குத்தியிருக்கும் ஃபிஸ்டுலா ஊசியை உருவும்போது ஒரு துளி தெறித்து இயந்திரத்தின் பொத்தானில் காய்ந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. இந்தக் கிருமி அப்படிக் காய்ந்த இடத்திலும் குறைந்தது ஏழு நாள் தொற்றும் திறனோடு இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவரை, நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், நோயாளியின் ரத்தத்தில் கிருமி மிகுந்திருக்கும் நிலையில், தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு, எச்.ஐ.வி.க்கு அது 0.3 விழுக்காடு. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றைப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கான டி.டி. ஊசியை அவரும் தடுத்திருக்க மாட்டார்.

வில்லியனூர் ஐயா, அந்தத் தீர்ப்பு கொரோனா தடுப்பூசி வழக்கில் வந்தது. பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மறுக்க உரிமை இருக்கிறது என்பதற்காக, நாளெல்லாம் ரத்தத்தோடு புழங்கும் பெண்ணை மறுக்கச் சொல்வது நியாயமா?

கழிவு மேலாண்மைப் பணியாளர்:
அந்தத் தாளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை. சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டியதும் அவர்கள்தான். பயன்படுத்திய ஊசியை வெள்ளைப் பெட்டியில் போடும் செவிலியரும் கழிவைக் கையாள்பவரே. அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி ஊசியை மறுப்பவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. ஆனால் பின்னால் மனம் மாறினால் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் படிவத்திலேயே இருக்கும். மூன்றாவது ஊசியை நீங்களே போடுங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வக நுட்புநர்:
கர்ப்பக் காலப் பரிசோதனையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்திருப்பார்கள், அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். எடுக்கவில்லை என்றால் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்கு அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். ரூபெல்லா, சின்னம்மை இரண்டுக்கும் ஐ.ஜி.ஜி. (எதிர்ப்பாற்றலைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சிறுவயதில் அம்மை வார்த்திருந்தால் எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே இருக்கும், அந்த அறிக்கையே சான்று. மூன்றாவது ஊசிக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் டைட்டர் (ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றலின் அளவு) எடுங்கள்; 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது.

கடலூர் செவிலியர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ். மருத்துவரும் இதையே சொன்னார். மருத்துவமனையிலேயே மூன்றாவது ஊசியைப் போட்டுவிட்டார்கள். மாமியார்தான் உடன் வந்தார். ஐ.ஜி.ஜி. ரூபெல்லாவுக்கு இருக்கிறது, சின்னம்மைக்கு இல்லை. ஒத்திவைப்புக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். விலக்குத் தாளைப் பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்கிறார்கள், நான் கையெழுத்துப் போடவில்லை. டைட்டர் வரும்வரை எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும்?

தொற்றுத்தடுப்புச் செவிலியர்:
ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கென ஒதுக்கிய இயந்திரத்தில் இப்போதைக்கு உங்களை அமர்த்த வேண்டாம் என்று பொறுப்புச் செவிலியரிடம் எழுதிக் கொடுங்கள். சின்னம்மை கண்டவர், அக்கி வந்தவர் அருகே போகாதீர்கள். தெரியாமல் போய்விட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், கர்ப்பிணிகளுக்கு அதற்கென இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசி உண்டு. டைட்டர் 10-க்குக் கீழே வந்தாலும் பயப்பட வேண்டாம், இரண்டாவது சுற்று ஊசி போட்டால் பலருக்கு ஏறிவிடும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கும் ஹெபடைடிஸ் பி பிறப்புத் தவணை போட்டார்களா என்று கேட்டு, அட்டையில் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.