கங்காணி தாத்தா குடும்பக் குழு: வினோத்துக்கு வெரளிக்காய் (சிலோன் ஒலிவ்)

சுமதி (அட்டன்): வினோத் அடுத்த மாதம் 12ஆம் திகதி கத்தாருக்குப் புறப்படுகிறான். உப்பில் போட்ட வெரளிக்காய் ஜாடியை இன்றைக்குத் திறந்தேன், மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கொட்டிவிடவா?

ரவி மாமா (கினிகத்தேனை): ஐயோ கொட்டாதே

ரவி மாமா: நம் மரத்துக் காய்

தேவி சித்தி (பண்டாரவளை): சுமதி, அவசரப்படாதே. வெள்ளையாக மெல்லிய படலம் என்றால் பயமில்லை. ஈரமில்லாத கரண்டியால் வழித்து எறி. பச்சையோ கறுப்போ பூஞ்சணம் பிடித்தாலோ, நாற்றம் வந்தாலோதான் முழுவதையும் கொட்ட வேண்டும். காய் தண்ணீருக்கு மேலே மிதந்தால் இப்படித்தான் வரும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு ஊற்று. மேலே சின்னப் பீங்கான் தட்டை வைத்து அமுக்கிவிடு. காய் முங்கியே இருக்க வேண்டும்.

சுமதி: பூஞ்சணம் இல்லை சித்தி. வாசம் நன்றாகத்தான் இருக்கிறது

அருண் (தோஹா): இங்கே கடை முழுக்க ஒலிவ் காய்தான். எதற்கு வெரளிக்காய் சுமக்கிறான்?

ரவி மாமா: நீ பேசாதே. போன தடவை அச்சாறை விமான நிலையத்திலேயே பாதி முடித்தவன்

அருண்: மாமா 😂

அருண்: என் அறையில் இருக்கும் பலஸ்தீனர் சொன்னார், அவர்கள் ஊரில் ஒலிவ் காயைக் கீறி, தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகுதான் உப்பில் போடுவார்களாம். பச்சையாக வாயில் வைக்க முடியாத கசப்பாம்

தேவி சித்தி: நம் காயில் அந்தக் கசப்பு இல்லை தம்பி, புளிப்பும் துவர்ப்பும்தான். அது வேறு மரம்.

முத்து பெரியப்பா (சுமதியின் அப்பா): மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அது யார் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை

ரவி மாமா: அத்தான், 7 பேர்ச் காணி அளந்தபோதே பேசியாயிற்று

முத்து பெரியப்பா: அளந்தவரைக் கேள்

சுமதி: அப்பா, இங்கே வேண்டாம்

சுமதி: சித்தி, போஞ்சி (பீன்ஸ்) வற்றலும் கேட்கிறான். இங்கே மழை விடவே இல்லை. அடுப்புக்கு மேலே கட்டிப் பார்க்கவா?

தேவி சித்தி: புகை வாடை ஏறிவிடும். என்னிடம் அனுப்பு. தென்மேல் மழை உங்கள் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மலை தாண்டி வரும்போது எங்களுக்கு வெறும் காற்றுதான். ஐப்பசி பிறந்த பிறகுதான் எங்கள் பக்கம் நன்றாக நனையும். போஞ்சியை நார் எடுத்து, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் மூன்று நிமிஷம் போட்டு வடித்து, கம்பி வலையில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புவேன். பாயில் போட்டால் அடிப்பக்கம் புழுங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை முதலில் காற்றில் வாட்டிய பிறகுதானே சூட்டுக்குக் கொண்டு போகிறார்கள்? எங்கள் அப்பா எத்தனை வருஷம் அந்த வாட்டும் மாடியில் நின்றார்! பின்னேரம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வளைத்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பையில் கட்டினால் பூத்துவிடும்.

அருண்: பாவக்காயும் போடுங்கள் சித்தி

வினோத்: பாவக்காய் வேண்டாம்

வினோத்: எனக்கு 30 கிலோதான் அனுமதி

ரவி மாமா: ஸ்வெட்டர் எடுத்தாயா

அருண்: தோஹாவுக்கு ஸ்வெட்டரா மாமா

ரவி மாமா: ஏசி குளிர் தெரியாதா உனக்கு

சுமதி: போஞ்சியை யார் கொண்டு போவது? நுவரெலியா போய் வெலிமடை பஸ் பிடிக்கலாம், ஞாயிறு

வினோத்: ஞாயிறு மெடிக்கல்

ரவி மாமா: பக்கத்து வீட்டு வான் பண்டாரவளை போகும் என்று நினைக்கிறேன்

முத்து பெரியப்பா: நினைக்காதே, கேள்

தேவி சித்தி: எப்படியாவது இந்த வாரம் வரட்டும். பத்துக் கிலோ அனுப்பு. போஞ்சியில் பெரும்பங்கு தண்ணீர்தான், காய்ந்தால் ஒரு கிலோ சொச்சம்தான் தேறும்.

வினோத்: அரைக் கிலோ போதும் சித்தி

தேவி சித்தி: போதாது. அறையில் நாலு பேர் சாப்பிடுவார்கள்.

சுமதி: சரி, சந்தைக்கு நாளைக்குப் போகிறேன். மாமா, வான்?

ரவி மாமா: இரு, கேட்கிறேன்