நிட்டினால் கம்பியால் வளையும் ஃபிளாப்: இழுப்பு குறைந்துகொண்டே போகிறது, ஏன்?

இறக்கைமடி:
வணக்கம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பேராசிரியர் டிமிட்ரிஸ் லகூதாஸின் ஆய்வுகளை ஒட்டி, வெப்பத்தில் வளையும் சிறிய ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் பகுதி) செய்கிறோம். 0.25 மி.மீ. நிட்டினால் கம்பி (சூடேறினால் சுருங்கும் நிக்கல்-டைட்டானியம் கலவை), நீளம் 30 செ.மீ. கீலிலிருந்து 30 மி.மீ. தள்ளிக் கட்டியிருக்கிறோம். 12 வோல்ட் பேட்டரி, திருப்பி இழுக்க ஒரு ஸ்பிரிங். முதலில் 12 மி.மீ. இழுத்த கம்பி இப்போது 7 மி.மீ. தான் இழுக்கிறது. இன்னொரு சந்தேகம்: அவருடைய கணித மாதிரியைப் பயன்படுத்த எதையெல்லாம் அளக்க வேண்டும்?

கம்பிநுனி:
முதல் சந்தேகம் உங்கள் பேட்டரி மேல்தான். இந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு சுமார் 18.5 ஓம். 30 செ.மீ.க்கு 5.5 ஓம் வரும். 12 வோல்ட் நேராகக் கொடுத்தால் 2.1 ஆம்பியருக்கு மேல் பாயும். அசையாத காற்றில் இதற்குத் தேவை ஏறக்குறைய 1 ஆம்பியர். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. அப்படிச் சூடேறினால் கம்பிக்கு ஆலையில் கொடுத்த பதம் கெட்டு, இழுப்பு நிரந்தரமாகக் குறையும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று வையுங்கள். இழுப்பு முடிந்ததும் மின்சாரம் நின்றுவிட வேண்டும்.

அடுத்து கிரிம்ப், அதாவது கம்பி நுனியை நசுக்கிப் பிடிக்கும் உலோகப் பிடி. கிரிம்ப் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, சில முறை ஓட்டிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் கம்பி நழுவுகிறது, உலோகத்தின் மேல் பழி இல்லை. சால்டரிங் வேண்டாம்: மேலே உள்ள ஆக்சைடு படலத்தில் ஈயம் ஒட்டாது, அந்தச் சூடு நுனியையும் கெடுக்கும்.

ஸ்பிரிங் கணக்கு: சூட்டில் கம்பி பாதுகாப்பாக இழுப்பது சுமார் 890 கிராம். ஆறியபின் அதை நீட்ட 350 கிராம் போதும். மீட்டருக்கு 1,000 நியூட்டனை ஒட்டிய, அதாவது ஒரு மி.மீ.க்கு 100 கிராம் ஏறுகிற விறைப்பான ஸ்பிரிங் போட்டால் 12 மி.மீ. இழுப்பில் சுமை 1,550 கிராம் ஆகிவிடும், கம்பி போச்சு. ஒரு மி.மீ.க்கு 10 கிராம் ஏறும் நீளமான, தளர்ந்த ஸ்பிரிங் எடுங்கள். முடிவில் 470 கிராம்தான். மீதி 420 கிராம் காற்றழுத்தத்துக்கு. 30 மி.மீ. கையில் அது சுமார் 0.12 நியூட்டன் மீட்டர். ஃபிளாப் அதற்கு மேல் கேட்டால் இரண்டு கம்பிகளை இணையாகப் போடுங்கள், ஒன்றையே வதைக்க வேண்டாம்.

நிலைமாற்றம்:
மாதிரி பற்றி. 1996-இல் பாய்டும் லகூதாஸும் வெளியிட்டதில் கம்பியில் மார்ட்டென்சைட் (ஆறியபோது இருக்கும் படிக நிலை) எவ்வளவு பங்கு என்பதே உள்மாறி, அதாவது கம்பியின் உள்நிலையைக் காட்டும் எண். அதில் முழு நிலைமாற்றத்தின் ஸ்ட்ரெயின் (நீளத்தில் எத்தனை பங்கு மாறுகிறது என்பது) மாறாத எண். ஆனால் உண்மையான கம்பி குறைந்த ஸ்ட்ரெஸ்ஸில் (குறுக்குவெட்டுப் பரப்பில் விழும் இழுவிசை) குறைவாகவே நீளும், ஆகவே மாதிரி அங்கே அதிகமாகக் காட்டும். அவரது குழுவின் 2012 மாதிரி இதைச் சரிசெய்கிறது. உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

அளக்க வேண்டியவை: ஒரு துண்டை வெட்டி டிஎஸ்சி-யில் (சூடேற்றி ஆற்றும்போது பாயும் வெப்பத்தை அளக்கும் கருவி) நான்கு வெப்பநிலைகள்: ஆறும்போதும் சூடேறும்போதும் நிலைமாற்றம் தொடங்குவது, முடிவது. ஆறும்போது தனியாக ஒரு சின்ன முகடு வந்தால் அது ஆர்-நிலையாக (இடையில் வரும் இன்னொரு படிக நிலை) இருக்கலாம், மார்ட்டென்சைட் தொடக்கம் என்று எடுத்துவிடாதீர்கள். பிறகு 250, 500, 850 கிராம் தொங்கவிட்டு (இந்தத் தடிமனுக்கு 50, 100, 170 மெகாபாஸ்கல்) சூடேற்றி ஆற்றுங்கள். நிலைமாற்ற வெப்பநிலை ஒவ்வொரு 6 முதல் 8 மெகாபாஸ்கலுக்கும் ஒரு டிகிரி ஏறும். 170-இல் ஏறக்குறைய 25 டிகிரி! சுமையில்லாமல் அளந்த எண்ணை அப்படியே போட்டு, ஃபிளாப் ஏன் பாதியில் நிற்கிறது என்று தேடுபவர்கள் நிறைய.

புதுக் கம்பியில் அளக்காதீர்கள். அதே சுமையில் குறைந்தது நூறு சுற்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் சேரும் நிரந்தர நீட்சி அடங்கியபின் அளங்கள்.

வானோடி:
ஒரு எச்சரிக்கை: இதை ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பகுதி) போல வேகமாக ஆட்ட நினைக்காதீர்கள். 0.25 மி.மீ. கம்பி ஆற 5 விநாடி ஆகும். 2005-இல் 777-300ஈஆர் விமானத்தில் போயிங் சோதித்த எஞ்சின் செவ்ரான்கள் (எஞ்சினின் பின்விளிம்பில் உள்ள பல் போன்ற தகடுகள்) புறப்படும்போது உள்ளே வளைந்து சத்தத்தைக் குறைக்கும், உயரத்தில் நேராகும். அங்கே அவசரமே இல்லை, அதனால்தான் வேலை செய்தது. அதில் எடையில் 60 சதவீதம் நிக்கல் உள்ள கலவை, சுற்றுக்குச் சுற்று அதிகம் மாறாதது.

விண்கலத்துக்கு என்றால் எல்லா மின்னோட்ட எண்களும் மாறும். வெற்றிடத்தில் காற்று இல்லை, கதிர்வீச்சும் நுனி வழியே போகும் வெப்பமும் மட்டுமே. காற்றில் சரியாக இருந்த அதே 1 ஆம்பியர் அங்கே கம்பியை எரிக்கும். சுற்றுப்புறமே 100 டிகிரியை நெருங்கும் இடங்களுக்குச் சாதாரண நிட்டினால் ஆகாது. நாசாவின் கிளென் ஆய்வு மையம் 20 சதவீத ஹாஃப்னியம் என்ற உலோகத்தைச் சேர்த்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இறக்கைமடி:
நன்றி. கோடு போட்டுப் பார்த்தோம், ஒரு பக்கம் 2 மி.மீ. நழுவியிருக்கிறது. மீதி 3 மி.மீ.?

கம்பிநுனி:
அது சூட்டில் போனது. அந்தக் கம்பியை மாற்றுங்கள், திரும்ப வராது. புதிதைக் கட்டும்போது எந்த வளைவின் ஆரமும் 12.5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, கம்பித் தடிமனைப் போல் 50 மடங்கு.